ஐந்து சதம் சுருங்கும் ஜன்னல்

திருப்பூரில் பின்னலாடை மேன்மைப் பேரவை என்று ஒன்று உண்டு. அது என்ன வேலை செய்கிறது என்று கேட்டால் அதன் உறுப்பினர்களே கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்ப்பார்கள். அது கூடும். கூடி, அடுத்து என்றைக்குக் கூடலாம் என்று தீர்மானம் போடும். நடுவில் போண்டாவும் காபியும் வரும். இப்படிப் பதினோரு வருடம் அயராமல் உழைத்த பிறகு, கூடுவதற்குச் சொந்தக் கட்டடம் இல்லையே என்ற ஏக்கம் அதற்கு வந்துவிட்டது. மங்கலம் ரோட்டில், தலைவர் ஞானசம்பந்தத்தின் பனியன் கம்பெனியை ஒட்டிக் கிடந்த இடத்தில் ஒரு வேப்பமரம் நின்றது. அதை வெட்டிவிட்டு இரண்டு மாடி எழுப்பி, 'வெளிப்படை மாளிகை' என்று பெயர் வைத்தார்கள்.

பெயருக்குப் பொருத்தமாக எட்டு ஜன்னல்கள். ஒவ்வொன்றும் பதினாலு அடி உயரம், ஒன்பது அடி அகலம், இரட்டைக் கண்ணாடி, எழுநூறு கிலோ. கால்கோள் விழாவில் தலைவர் பேசினார்.

"நம்ம பனியனை வாங்கற வெளிநாட்டு பையரு ரோட்டுல காரை நிறுத்துனாருன்னா, கட்டடத்துக்கு இக்கட்ட நின்னா அக்கட்ட தெரியோணுமுங்க. நம்மகிட்ட மறைக்கறதுக்கு ஒண்ணுமே இல்லீன்னு ஒலகத்துக்குத் தெரியோணும்!"

கைதட்டல் அடங்கியதும் பத்திரிகைக்காரர்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திக்கொண்டு மற்ற விஷயங்களைப் பேசினார்கள்.

அதோடு விட்டார்களா? முதல் மாடியில் வடக்கு ஜன்னலுக்கு நேர் கீழே சுவரில் கருங்கல் பதித்து, நிர்வாகிகள் நாற்பத்திரண்டு பேருடைய பெயரையும் வரிசை வரிசையாகச் செதுக்கினார்கள். எல்லாருக்கும் இடம் வேண்டுமே என்று எழுத்தைப் பொடியாக்கியதில், கீழே நிற்கிற எவனாலும் ஒரு பெயரைக்கூடப் படிக்க முடியாது. ஆனால் நாற்பத்திரண்டு பேருக்கும் தன் பெயர் எங்கே இருக்கிறது என்று தெரியும். அது போதாதா? ஜன்னலை ஒட்டிய முதல் வரிசையில் தலைவர் பெயர் மட்டும் தனியாக இருந்தது.

அந்தக் கல்லுக்குக் கீழே தரையில்தான் நிழல் இருந்தது. வேப்பமரம் போன பிறகு, பகல் ஒரு மணிக்கு அந்தச் சுற்றுவட்டாரத்தில் நிழல் என்று விழுவது அந்த வடக்குச் சுவரோரம் மட்டும்தான். தலைவர் கம்பெனியின் செக்கிங் பெண்கள், தைத்து வந்த பனியனில் ஓட்டையும் கறையும் தேடியே கண் பூத்துப்போனவர்கள், இருபத்தேழு பேர், மத்தியானம் சோத்துப் போசி என்கிற தூக்குப் பாத்திரத்தோடு வந்து அங்கேதான் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அவர்களில் ஒருத்தி ஷம்ஷாத். பதினாறு வருடமாக அந்தக் கம்பெனியில் இருக்கிறாள்.

ஷம்ஷாத்தின் கணவன் ஹிதாயத்துல்லாவுக்குத்தான் ஜன்னல் மாட்டும் வேலை கிடைத்தது. கண்ணாடிக்கடை வைத்திருப்பவர். ஊரில் பாதி கம்பெனிகளின் ஆபீஸ் அறைகளுக்குக் கண்ணாடி போட்டவர் அவர்தான். ஒரு கண்ணாடிக்கு மூன்று தடவை அளவெடுப்பார். மூன்றும் ஒன்றாக இருந்தாலும் சந்தேகமாக நான்காவது தடவை பார்ப்பார். பேரவைக்கு அவர் எழுதிக் கொடுத்த சீட்டில் பதினாலுக்கு ஒன்பது என்று தெளிவாகத்தான் இருந்தது. கண்ணாடியைப் பேரவையே நேராகத் தருவித்துக்கொள்ளும், அவர் மாட்டினால் போதும் என்று ஏற்பாடு.

மாசி மாதம் ஒரு திங்கட்கிழமை முதல் ஜன்னல் வந்து இறங்கியது. கிரேன் தூக்கியது. ஆறு பேர் ரப்பர்க் கிண்ணங்களைக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்துக்கொண்டு மேலே கொண்டுபோனார்கள். சாரத்தில் நின்ற கதிர்வேல், ஹிதாயத்துல்லாவோடு பன்னிரண்டு வருடமாக வேலை செய்கிறவன், மேலேயிருந்து கத்தினான்.

"பாய், உள்ள போவலீங்க!"

"கொஞ்சம் சாச்சுப் பாரு கதிரு!"

"சாச்சா மட்டும் சின்னதாயிருமுங்களா? ஓட்டையை உட ஜன்னல் பெருசுங்க பாய்!"

இறக்கி அளந்தார்கள். உயரத்தில் எட்டரை அங்குலம் கூடுதல். அகலத்தில் ஐந்தரை அங்குலம் கூடுதல். ஹிதாயத்துல்லா நான்கு தடவை அளந்தார். பதப்படுத்திய கண்ணாடியை வெட்ட முடியாது. ஓரத்தில் சின்னதாக உளி பட்டால்கூட மொத்தமும் கல்கண்டு மாதிரி நொறுங்கிக் கொட்டிவிடும்.

ஆர்டர் போட்டது ஜனனி என்ற பெண். பேரவை ஆபீஸில் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஹிதாயத்துல்லா போய்க் கேட்டதும் பாவம், அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"நானென்னங்ணா பண்றது? துணி ஆர்டர் போடற ப்ரோக்ராம்லதான் எல்லா ஆர்டரும் போடோணும்னு சொல்லிட்டாங்க. அதுல ஷ்ரிங்கேஜ்னு ஒரு கட்டம் வருதுங்க. காலியா உட்டா ஆர்டர் போகாது. சீரோ போட்டா செவப்பாக் காட்டுது. தலைவருகிட்டக் கேட்டேன். எப்பவும் போல அஞ்சு சதம் போடு கண்ணுன்னாருங்க."

விஷயம் இவ்வளவுதான். பின்னல் துணி துவைத்தால் சுருங்கும். அதனால் சுருங்குகிற அளவை நூற்றுக்கு இத்தனை என்று கணக்குப் பண்ணி முன்கூட்டியே பெரிதாக வெட்டித் தைப்பார்கள். அதைத்தான் ஷ்ரிங்கேஜ் என்பது. பேரவை தன் ஜன்னலுக்கும் ஐந்து சதம் விட்டிருந்தது. எட்டு ஜன்னலுக்கும்.

இதைச் சொன்னால் தலையில் அடித்துக்கொள்வார்கள் என்று நினைத்துத்தான் ஹிதாயத்துல்லா அன்று சாயங்காலம் நிர்வாகக் குழுவுக்கு முன்னால் போய் நின்றார். யாரும் அடித்துக்கொள்ளவில்லை. தலைவர் போண்டாவைப் பிட்டுச் சட்னியில் தோய்த்தார்.

"ஏனுங்க பாய், இந்தத் தொழில்ல நான் முப்பத்திநாலு வருசமா இருக்கறனுங்க. துவைச்சாச் சுருங்காத பொருளுன்னு ஒண்ணை நான் பாத்ததே இல்லீங்க."

"கண்ணாடி சுருங்காதுங்களே தலைவரே."

"துவைச்சுப் பாத்தீங்களா?"

உண்மையில் ஹிதாயத்துல்லா துவைத்துப் பார்த்ததில்லை.

"பாக்காம எப்படிங்க சொல்றீங்க?" என்றார் அருள்செல்வன். இவர் பேரவையின் தரக் கட்டுப்பாட்டு ஆலோசகர். கழுத்தில் இரண்டு அடையாள அட்டை தொங்கும். எதையும் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்காதவரை அது நடந்ததாக ஒப்புக்கொள்ள மாட்டார். அவருக்குக் கல்யாணம் ஆனதுகூட ரிஜிஸ்டர் ஆபீஸ் முத்திரையைப் பார்த்த பிறகுதான் உறுதியாயிற்று என்று பேரவையில் பேசிக்கொள்வார்கள்.

மறுநாள் ஜன்னலைத் துவைத்தார்கள்.

நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எழுநூறு கிலோ ஜன்னலைச் சாய்த்து நிறுத்தி, தண்ணீர் லாரி கொண்டுவந்து, முதலில் பச்சைத் தண்ணீரில், அடுத்து சோப்புப் போட்டு, மூன்றாவதாகச் சாயப்பட்டறையிலிருந்து டிரம்மில் வந்த வெந்நீரில், முறைப்படி மூன்று துவைப்புத் துவைத்தார்கள். நான்கு மணி நேரம் வெயிலில் காயப்போட்டார்கள். பிழிய முடியாதது ஒன்றுதான் குறை. கதிர்வேல் குழாயைப் பிடித்துக்கொண்டு, "பாய், இஸ்திரி போடோணுமுங்களா?" என்று கேட்டான். ஹிதாயத்துல்லா அவனை முறைத்தார். அவர் முகத்திலும் சிரிப்பு இருந்தது. அன்றைக்கு மட்டும் இருந்தது.

காய்ந்த ஜன்னலை அருள்செல்வன் அளந்தார். பதினாலு அடி எட்டரை அங்குலம். மறுபடி, டேப்பைக் கொஞ்சம் தொங்கவிட்டு அளந்தபோது ஒரு நூல் அளவு வித்தியாசம் வந்தது. பாதாம் பருப்புக் கிடைத்த அணில் மாதிரி ஆகிவிட்டார் மனிதர்.

"சுருங்குதுங்க! மெதுவாத்தான் சுருங்குது, ஆனாச் சுருங்குது!"

அன்று மாலைக் கூட்டத்தில் ஹிதாயத்துல்லா கடைசியாக ஒன்று சொல்லிப் பார்த்தார். ஜன்னலைக் குறைக்க முடியாது, சுவரை வெட்டிக்கொள்ளலாம். மேலே கான்கிரீட் பீம் இருக்கிறது, தொடக் கூடாது. பக்கவாட்டில் ஐந்தரை, கீழே எட்டரை அங்குலம் எடுத்தால் கச்சிதமாக உட்கார்ந்துவிடும். கதிர்வேல் ஒரே நாளில் முடித்துவிடுவான்.

"கீழன்னா எங்கீங்க?" என்றார் தலைவர்.

"அந்தக் கருங்கல்லுல... மேல இருக்கற மூணு வரிசைங்க."

போண்டா கடிக்கிற சத்தம்கூட நின்றது. முதல் வரிசை தலைவர். இரண்டாவது புரவலர்கள். மூன்றாவது செயலாளரும் துணைச் செயலாளர்களும். அந்த மூன்று வரிசைக்காரர்கள்தான் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

"பாய்," என்றார் தலைவர், குரலை மிருதுவாக்கி. "பேரு வெக்கறது சும்மா இல்லீங்க. ஒரு சமுதாயம் தன்னோட உழைப்பை அடுத்த தலைமுறைக்குச் சொல்றது. அதுல கை வெக்கற பேச்சே வேண்டாமுங்க."

தீர்மானம் நிறைவேறியது. ஜன்னல் சுருங்கிக்கொண்டிருப்பதாலும், இரண்டு மழைக்காலம் தாண்டினால் தானாகவே ஓட்டைக்குள் போய்விடும் என்று எதிர்பார்க்கப்படுவதாலும், அதுவரை சுவருக்கு வெளியே நான்கு கொக்கிகளில் தொங்கவிடுவது என்று முடிவாயிற்று. கீழே இரும்புத் தாங்கல் கொடுத்தாக வேண்டும் என்று ஹிதாயத்துல்லா மன்றாடினார். தாங்கல் வைக்கக் கல்லில் துளை போட வேண்டும். துளை பொருளாளர் பெயரில் விழும். அதுவும் கிடையாது என்றார்கள்.

"உழுந்துருமுங்க தலைவரே. நாலு கொக்கி எழுநூறு கிலோவைத் தாங்காதுங்க. கீழ பொம்பளைங்க உக்காந்து சாப்புடறாங்க."

தலைவர் சிரித்தார். கொங்கு நாட்டுச் சிரிப்பு. அதில் சர்க்கரை சொட்டும்.

"உங்கூட்டுக்காரம்மா நம்ம கம்பெனியிலதானுங்களே செக்கிங்ல இருக்கறாங்க? பதினாறு வருசமாச்சுங்களா? நெம்பத் தங்கமான புள்ளைங்க. அவங்க நல்லா இருக்கோணுமுங்க. நீங்க மாட்டிக் குடுத்துருங்க பாய்."

இதற்கு மேல் என்ன சொல்ல? ஹிதாயத்துல்லா மாட்டினார். நான்கு கொக்கிக்கும் பேரவைச் சார்பில் மாலை போட்டார்கள். அருள்செல்வன் 'அங்கீகரிக்கப்பட்ட முறை' என்று முத்திரை குத்தி ஒரு தாளை ஒட்டினார். மீதி ஏழு ஜன்னலும் இதே முறையில்தான் மாட்டப்பட வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. பேரவையில் ஒரு முறை அங்கீகாரமானது அங்கீகாரமானதுதான்.

மாட்டி முடித்துக் கீழே இறங்கியபோது மணி பன்னிரண்டரை. இன்னும் சற்று நேரத்தில் ஷம்ஷாத் போசியோடு வந்து அந்த இடத்தில் உட்காருவாள். ஆபத்து என்று சொன்னால் இந்த மனிதர்களின் காதில் ஏறாது என்று அவருக்கு இப்போது தெரிந்திருந்தது. எது ஏறும் என்றும் தெரிந்திருந்தது. அருள்செல்வனிடம் போய்ப் பணிவாகச் சொன்னார்.

"சாருங்க, பையரு வந்து இந்த ஜன்னலைப் போட்டோ புடிச்சா, கீழ தரையில உக்காந்து சோறு திங்கறதும் சேந்து உழுமுங்களே."

பத்தே நிமிடத்தில் மஞ்சள் நாடா வந்தது. சுவரோரம் முழுக்கக் கட்டி, 'பணியாளர் அமரக் கூடாது' என்று பலகையும் வைத்துவிட்டார்கள். எழுநூறு கிலோவால் அசையாத பேரவை, ஒரு போசிக்கு அலறி அடித்துக்கொண்டு ஓடியது.

இருபத்தேழு பெண்களும் எதிரே ஜெனரேட்டர் ஓரத்தில், மொட்டை வெயிலில், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு சாப்பிட்டார்கள். அன்று ராத்திரிச் சோற்றைத் தட்டில் வைக்கும்போதே ஷம்ஷாத் ஆரம்பித்துவிட்டாள்.

"மரத்தை வெட்டுனாங்க. சரின்னு செவுத்தோரம் போனோம். அதையும் நாடா போட்டுக் கட்டிட்டாங்க. நீங்கதான் போட்டுக் குடுத்தீங்கன்னு வாட்ச்மேன் சொல்றாரு. நெசமாங்க?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார். நான்கு கொக்கி, தலைவரின் சிரிப்பு, நாடா. சொல்லி முடித்ததும் அவள் சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அப்ப உழுவும்னு தெரிஞ்சேதான் மாட்டுனீங்களா?"

"உன்ர வேலை போயிரும்னு..."

"என்ர வேலையைக் காப்பாத்தறதுக்கு என்ர தலைக்கு மேலயே கட்டித் தொங்கவுட்டீங்களாக்கும்! நான் நாடாவுக்கு அக்கட்ட போயிட்டேன். ரோட்டுல போறவன் நிழலுன்னு ஒதுங்கினா? அவனுக்கு ஊடு வாசல் இல்லீங்களா?"

இருபத்தைந்து வருடமாகக் கண்ணாடி மாட்டியவருக்கு முதல் தடவையாகத் தன் கையைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

ஜன்னல் வந்து இறங்கிய நான்காம் நாள், வியாழக்கிழமை, மத்தியானம் பன்னிரண்டு ஐம்பதுக்கு ஜன்னல் விழுந்தது. காற்றில்லை, மழையில்லை. இடது பக்கக் கொக்கி சுவரோடு பெயர்ந்தது, அவ்வளவுதான். எழுநூறு கிலோவும் நாடாவுக்குள், பெண்கள் வழக்கமாக வட்டமாக உட்காரும் அதே இடத்தில் இறங்கி, ஒரு லாரி சரளைக்கல் கொட்டின மாதிரி சத்தத்தோடு பொடிப்பொடியாகச் சிதறியது. ஜெனரேட்டர் ஓரத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையில் எடுத்த கவளத்தோடு அப்படியே இருந்தார்கள். ஒருத்தி விக்கி விக்கி அழுதாள். ஷம்ஷாத்தின் சோற்றில் நான்கு கண்ணாடித் துண்டுகள் வந்து விழுந்து மினுங்கின.

பேரவை அவசரமாகக் கூடியது. அருள்செல்வன் அறிக்கை வாசித்தார்.

"துவைப்புக்கு முன் உயரம், பதினாலு அடி எட்டரை அங்குலம். தற்போதைய உயரம், அளக்க இயலவில்லை. சுருக்கம், நூறு சதம். ஆகவே நாம் விட்ட ஐந்து சதம் போதவில்லை எனத் தெரிய வருகிறது."

"நான் அப்பவே பத்துப் போடலாம்னு நெனச்சனுங்க," என்றார் தலைவர்.

இந்த ஜன்னலுக்குப் பதிலாகப் பத்து சதம் கூடுதலாகப் புதிது தருவிப்பது என்றும், நான்கு கொக்கிக்குப் பதில் ஐந்து கொக்கி போடுவது என்றும் தீர்மானம். நாடா கட்டி உயிர்ச்சேதத்தைத் தவிர்த்த தொலைநோக்குக்காகப் பேரவை தனக்குத்தானே ஒரு பாதுகாப்பு விருதும் கொடுத்துக்கொண்டது. தலைவர் கையால் தலைவர் வாங்கிக்கொள்வது எப்படி என்று சின்னக் குழப்பம் வந்து, அருள்செல்வன் கையால் வாங்கிக்கொண்டார்.

ஹிதாயத்துல்லா எழுந்தார். வேலையை விட்டுவிட்டுப் போகப்போகிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

"ரெண்டாவது ஜன்னலை நாளைக்கு மாட்டிடறனுங்க," என்றார்.

இரண்டாவது ஜன்னல் கீழ்த்தளத்தில், கூட்ட அறையில். மேற்குப் பக்கம் மின்கம்பி போகிறது, வெளியிலிருந்து கிரேன் நெருங்க முடியாது. அதனால் உள்ளேயிருந்துதான் மாட்ட வேண்டும். வரைபடத்தில் அது இருக்கும் இடம் தலைவர் நாற்காலிக்கு நேர் பின்னால்.

மறுநாள் காலை நிர்வாகக் குழு வந்து உட்கார்ந்தது. புதுக் கூட்ட அறை, ஏசி, தோல் நாற்காலிகள். தலைவர் நாற்காலிக்குப் பின்னால், சங்கிலி போட்டுத் தூக்கும் செயின் பிளாக்கில், எழுநூறு கிலோ ஏறிக்கொண்டிருந்தது. அருள்செல்வன் முத்திரை போட்ட தாளை ஹிதாயத்துல்லா எல்லாருக்கும் தெரிகிற மாதிரி சுவரில் ஒட்டியிருந்தார். கதிர்வேல் முதல் கொக்கியைச் சுத்தியலால் தட்டினான். கொஞ்சம் சுண்ணாம்பு உதிர்ந்து தலைவரின் வெள்ளைச் சட்டைத் தோளில் விழுந்தது.

தலைவர் திரும்பி மேலே பார்த்தார்.

"ஏனுங்க பாய், இது என்னங்க?"

"ஜன்னலுங்க."

"அது தெரியுதுங்க. இப்படியே தொங்குமுங்களா?"

"ஆமாங்க. சுருங்கற வரைக்குமுங்க. அங்கீகரிக்கப்பட்ட முறைங்க. நாலு கொக்கி. நீங்க உக்காந்து கூட்டம் நடத்துங்க, நாங்க சத்தமில்லாம வேலையைப் பாக்கறோம்."

தலைவர் நாற்காலியை அரை அடி முன்னால் நகர்த்தினார். மேசை இடித்தது. பிறகு எழுந்தார். அவர் எழுந்ததும் பக்கத்தில் இருந்த புரவலர்கள் எழுந்தார்கள். செயலாளர் ஏற்கெனவே வாசல் அருகில் நின்றிருந்தார்.

"அருளு, கண்ணாடி சுருங்குமா சுருங்காதா?" என்றார் தலைவர். இப்போது குரலில் சர்க்கரை இல்லை.

"அது... அறிவியல்படி பாத்தாச் சுருங்காதுங்க."

"அப்பச் செவுத்த வெட்டறதுதானுங்க மொறை? இதுக்கு எதுக்குக் கூட்டம், தீர்மானம்? பாய், வெட்டுங்க பாய்! இப்பவே வெட்டுங்க!"

அந்தச் சுவரில் முன்னாள் தலைவர்களின் படங்கள் வரிசையாக இருந்தன. கழற்ற வேண்டுமே என்றான் கதிர்வேல். "கெடக்குது உடுங்க," என்றார் தலைவர். பதினோரு வருடப் பேரவை வரலாற்றில் ஒரு முடிவு ஒரே நிமிடத்தில், போண்டா வருவதற்கு முன்னால் எடுக்கப்பட்டது அன்றைக்குத்தான்.

சாயங்காலத்துக்குள் சுவரை வெட்டி ஜன்னலை உள்ளே உட்கார வைத்துவிட்டார்கள். கல்லில் பதித்த மாதிரி நின்றது. ஹிதாயத்துல்லா தலைவரிடம் கேட்டார்.

"வடக்கு ஜன்னலுக்கும் இதே மாதிரி வெட்டிடலாமுங்களா தலைவரே?"

"அங்க பேரு இருக்குதுங்களே."

"அது உழுந்தா ஆளுங்க மேலதானுங்க உழுவும்?"

தலைவர் அவரை உண்மையான ஆச்சரியத்தோடு பார்த்தார். மனிதர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்.

"அது வெளிப்பக்கமுங்களே பாய்!"

அன்று வீட்டுக்குப் போய் இதை அப்படியே ஷம்ஷாத்திடம் சொன்னார். அவள் திட்டவில்லை. "வெளிப்பக்கமாம்" என்று ஒரு தடவை சொல்லிக்கொண்டாள்.

அடுத்த புதன்கிழமை பையரின் பெங்களூர் ஆபீஸிலிருந்து வினிதா என்ற பெண் கட்டடத்தைப் பார்க்க வந்தாள். தலைவர் வாசலில் நின்று பூங்கொத்துக் கொடுத்து, வெளிப்படைத்தன்மையைப் பற்றி இருபது நிமிடம் பேசி, அவளைக் கூட்ட அறைக்கு அழைத்துப்போனார். மணி ஒன்று. கதவைத் திறந்தார்.

உள்ளே இருபத்தேழு பெண்கள் தோல் நாற்காலிகளில் உட்கார்ந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நீள மேசையில் போசிகள் வரிசையாகத் திறந்திருந்தன. ஏசியை மீறிக் கருவாட்டுக் குழம்பு மணந்தது. ஜன்னலுக்கு முன்னால், தலைவர் நாற்காலியில், ஷம்ஷாத் ரசம் ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தாள்.

தலைவர் கதவைப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா... இங்க..."

"வெளிப்பக்கம் உக்காந்தாத் தலையில உழுவுதுங்க தலைவரே," என்றாள் ஷம்ஷாத், எழுந்திருக்காமல். "உள்பக்கந்தான் செவுத்தைப் பலமா வெட்டி வெச்சிருக்கறீங்கன்னு எங்கூட்டுக்காரரு சொன்னாரு. அதான் எல்லாரும் வந்துட்டோமுங்க."

அவளை அன்றைக்கே கணக்குத் தீர்த்து அனுப்பியிருப்பார்கள். ஆனால் வினிதா அதற்குள் கேமராவை எடுத்துவிட்டாள். "அற்புதம்! நிர்வாகிகள் அறையையே தொழிலாளர்களுக்குச் சாப்பிடக் கொடுத்திருக்கீங்களா? தினமுமா?" என்று கேட்டாள். தலைவர் அருள்செல்வனைப் பார்த்தார். அருள்செல்வன் தரையைப் பார்த்தார். இல்லை என்று சொன்னால் பெண்கள் எங்கே சாப்பிடுகிறார்கள் என்ற கேள்வி வரும்.

"தினமுமுங்க," என்றார் தலைவர். "ஆரம்பத்துல இருந்தே அப்படித்தானுங்க."

படம் பையரின் அறிக்கையில் ஏறிவிட்டது. அறிக்கையில் ஏறினதைப் பேரவையால் மாற்ற முடியாது. மாதா மாதம் சோதிக்க ஆள் வரும். படத்தின் நட்டநடுவில் இருப்பவளை வேலையைவிட்டு நிறுத்தவும் முடியாது. ஆக, பன்னிரண்டரை முதல் ஒன்றரை வரை கூட்ட அறை பெண்களுடையது. நிர்வாகக் குழுவோ, அவசரக் கூட்டங்கள் போக, பதினோரு வருடமாகப் பகல் ஒரு மணிக்கே கூடிப் பழகியது. அந்த நேரத்தில் உட்கார நிழலான இடம் வேறு எங்கே இருக்கிறது? பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வடக்குச் சுவரோரம் வந்து, தங்கள் நாற்பத்திரண்டு பெயர்களுக்கும் கீழே வட்டமாக உட்கார்ந்து, போண்டா சாப்பிட்டார்கள்.

இரண்டு வாரம் கழித்துப் புது ஜன்னல் வந்தது. பத்து சதம் கூடுதல். கிரேன் அதைத் தூக்கியபோது கீழே கூட்டம் நடந்துகொண்டிருந்தது. தலைவர் நிமிர்ந்து பார்த்தார்.

மறுநாள் காலை கதிர்வேல் கல்லறுக்கும் மெஷினோடு சாரத்தில் ஏறினான். ஐந்து சதத்துக்கு மூன்று வரிசை போதும். பத்து சதத்துக்கு ஆறு வரிசை வெட்ட வேண்டியிருந்தது. தலைவரிலிருந்து இணைத் தணிக்கையாளர்கள் வரை அத்தனை பேரும் துண்டு துண்டாகக் கீழே விழுந்தார்கள். முதலில் விழுந்தது ஞானசம்பந்தம்.

கல் தெறித்துவிடப் போகிறது என்று தலைவர் மஞ்சள் நாடாவைத் தாண்டி, ஜெனரேட்டர் ஓரத்தில், கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். பக்கத்தில் ஹிதாயத்துல்லா நின்றார்.

"ஏனுங்க பாய், இந்த எடத்துல மனுசன் நிக்க முடியாதாட்ட இருக்குதுங்களே? என்னா வெயிலு!"

"ஆமாங்க தலைவரே," என்றார் ஹிதாயத்துல்லா, மேலே கதிர்வேலைப் பார்த்தபடி. "பொம்பளைங்க நிக்கலீங்க. உக்காந்து சோறு தின்னாங்க."